உப்பு டீச்சரும் நாலு ஆணியும்

மரப்பட்டையைப் பார்த்து ஊருக்கு என்ன வரப்போகிறதென்று சொல்லும் தொழிலில் இருப்பவர்கள் இரண்டு விடயங்களுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்: முசுறு எறும்பு கடிக்கும், ஆட்கள் சிரிப்பார்கள். முசுறுக் கடிக்குத் தேங்காயெண்ணெய் உண்டு.

மழைமானி பார்க்கிறவர்கள், நுளம்பின் குடம்பிப் புழு தேடி அடுத்த வீட்டுப் பூச்சாடியைக் கவிழ்க்கிறவர்கள், கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாமெல்லாம் ஒரே சனம். கேட்கப் பிரியமில்லாத செய்தியைக் கேட்காத வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உயர்தர வகுப்புக்குத் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றபின், ஓர் ஆய்வுக் குழுவுக்காக மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள மரங்களில் இலைக்கன்களைக் கவனித்து வருகிறேன். பட்டையில் சாம்பலாகவும் வெளிர்பச்சையாகவும் ஒட்டிக்கிடக்குமே, சிலர் பாசி என்பார்கள், அதுதான். பங்கசு எனும் ஒரு பூஞ்சணமும் அல்கா எனும் ஒரு நுண்பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். அதற்கு வேர் இல்லை, தோல் இல்லை. காற்றும் மழையும் எதைக் கொடுத்தாலும் அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும். அதனால் சூடு கூடினாலும் ஈரம் குறைந்தாலும் உப்பு ஏறினாலும் நமக்கு முன்னே அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை அது சத்தமில்லாமல் சொல்லும். நிறம் வெளுக்கும், சுருங்கும், ஒருநாள் உதிர்ந்துவிடும்.

வேலை கடினமல்ல. மரத்தில் ஒரு சதுரம் குறித்து, அதன் நாலு மூலைக்கும் சின்ன அலுமினிய ஆணி நாலு அடிக்க வேண்டும். கண்ணாடித் தாளொன்றை அதன்மேல் விரித்து, உள்ளே வாழ்வது ஒவ்வொன்றின் ஓரத்தையும் மைப்பேனாவால் கீற வேண்டும். மாரியிலும் கோடையிலும் வந்து அதே ஆணிகளுக்குள் மறுபடியும் கீற வேண்டும். பழைய தாளின்மேல் புதிய தாளை வைத்தால் போனது எது, இருப்பது எது என்று தெரியும். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மனிதர்களோடுதான்.

தேமல்

மண்டூர்ப் பக்கம் வாவியோடு ஒட்டிய ஒரு வெற்று வளவில், கிணற்றடியில், ஒரு மாமரம் நின்றது. அதன் நிழற்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். நடுவில் வெளிர்பச்சை, ஓரத்தில் குங்குமச் சிவப்பு. ஈரமும் நிழலும் கலையாத இடத்தில் மட்டும் வாழும் இனம் அது. அதைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாக நெளிந்த கோடுகள், யாரோ எழுதி முடிக்காமல் எழும்பிப்போன கடிதம்போல. அதுவும் ஓர் இலைக்கன்தான். ஓட்டோ ஓட்டும் யோகனிடம் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அந்த மரத்தைவிட அழகான ஒன்றை அந்த வருடம் நான் பார்க்கவில்லை.

வளவுக்காரி பாக்கியம். விடியலில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவர், புருசன் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்தவளுக்குக் கல்யாணத்தோடு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் இளையவள் தர்ஷியோடு இருந்தார். தர்ஷிக்குக் கொடுக்க மிச்சம் இருந்தது வாவிக்கரை வளவு ஒன்றுதான். அதில் ஒரு வீடு எழும்பினால் தர்ஷிக்குக் கல்யாணம். எழும்பாவிட்டால் இல்லை. நான் பையிலிருந்து ஆணியை எடுக்குமுன்பே இவ்வளவையும் சொல்லிவிட்டார். கிணற்றுத் தண்ணீரும் அள்ளித் தந்தார். வாவியிலிருந்து கல்லெறி தூரத்தில் இளநீர்போல் இருந்தது.

கைவில்லையை அவர் கண்ணில் வைத்து அந்தச் சிவந்த வட்டத்தைக் காட்டினேன். தர்ஷியும் பார்த்து, “அம்மா, மரம் பொட்டு வெச்சிரிக்கு” என்றாள். இது வாழும்வரை இந்த இடத்துக்குப் பயமில்லை, இது சுருங்கத் தொடங்கினால் ஏதோ வருகிறது, அதனால் அடிக்கடி வந்து கீறிப் பார்ப்பேன் என்று விளக்கினேன். பாக்கியம் கைவில்லையைத் திருப்பித் தந்தார். “தேமல் பிடிச்சா மருந்து பூசுறதுதான் நான் கண்டது. நீங்க என்னண்டா படம் கீறிட்டுப் போறீங்க, டீச்சர்!”

இல்லாததைத் தேடுதல்

படுவான்கரையில் ஒரு சிறு கோயிலின் பின்னால் பெரிய மருது ஒன்று. போன மாரியில் அதன் பட்டையில் சாம்பல்நிற இலைபோன்ற இலைக்கன்கள் அடையடையாக இருந்தன. கோடையில் போனால் ஆணிகளுக்குள் ஒன்றும் இல்லை. எங்கேயாவது ஒரு துண்டாவது மிஞ்சியிருக்குமென்று முழங்காலில் நின்று வேரிடுக்கில் கைவில்லையால் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது என்னைச் சுற்றி ஊர். பழைய கோயில், பழைய மரம், நகரத்திலிருந்து வந்த ஒருத்தி, கையில் கண்ணாடி, சுத்தியல், ஆணி. புதையல் தோண்ட வந்த கூட்டம் என்று யாரோ பொலிசுக்கும் சொல்லியாயிற்று. யோகன் ஓட்டோவுக்குள் இருந்து இறங்கவேயில்லை. பிறகு கேட்டதற்கு, “தப்பி ஓட ஒரு ஆள் ரெடியா இருக்கணும்தானே டீச்சர்” என்றான்.

பொலிஸ்காரத் தம்பி மரியாதையாகத்தான் கேட்டான். போன மாரியில் இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை, வெயிற்காலம் நீண்டுகொண்டே போகிறது, ஈரம் தேவைப்படுகிறவை ஒவ்வொன்றாகப் போகின்றன, மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அவன் எழுதத் தொடங்கி, என்ன எழுதுவதென்று தெரியாமல் நிறுத்தினான். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், வயதான மனிதர், வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு அவனுக்காகக் கேட்டார். “இருக்கிறதத் தோண்டுறவனப் பிடிக்கச் சட்டம் இரிக்கு. இல்லாததத் தேடுற உங்கள நாங்க என்ன செய்யிற?”

குறை சொல்லேலாத மரம்

வாவியின் வடபுறத்துப் பாடசாலையொன்றில் முற்றத்து வேம்பு என் கணக்கில் இருந்தது. பிள்ளைகளின் கைபட்டும் பந்துபட்டும் தப்பிப் பிழைத்த நல்ல மரம். அதில் மட்டும் எதுவும் குறையாமல் இருந்ததால், அந்தப் பக்கத்தின் நிலைமைக்கு அதுதான் எனக்கு அளவுகோல். நான் வரும் நாளை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அதுதான் பிழை. வெளியாள் வருகிறார் என்றால் எங்கள் பாடசாலைகளில் என்ன நடக்குமென்று நாற்பது வருடம் அதற்குள் இருந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படலையடியில் வெற்றிலை நீட்டி வரவேற்றார்கள். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. வேம்பு நின்றது, அடியிலிருந்து ஆளுயரத்துக்குப் பழுப்புப் பட்டை பளபளக்க, குளித்துத் தலைதுவட்டிய பிள்ளைபோல. தேங்காய்ப் பொச்சும் சவர்க்காரமும் போட்டு உரசியிருக்கிறார்கள். ஆணிகளைக்கூட மினுக்கியிருந்தார்கள். ஓர் இலைக்கன் விரல்நகம் அளவு வளர எத்தனை மாரி வேண்டுமென்று சொல்ல வாயெடுத்தேன். அதிபரின் முகத்தில் இருந்த களைப்பையும் பெருமையையும் பார்த்தபின் சொல்ல முடியவில்லை. அவர் மரத்தைத் தட்டிக்காட்டினார். “போன முறை மரம் முழுக்கப் பூஞ்சணமெண்டு எழுதிட்டுப் போனீங்களாம். இந்த முறை ஒரு குறையும் சொல்லேலாது, மிஸ்!”

பின்னால் வந்த வெயில்

ஏறாவூரில் ஒரு வீட்டு மாமரம். வீட்டுக்காரர் சவூதியில் கட்டட வேலை செய்து உடம்பு கெட்டுத் திரும்பி வந்தவர். அங்கிருந்தபோது இந்த மரத்தின் நிழலை நினைத்துத்தான் நாளைக் கழித்தேன் என்பார். நான் போகும் நாளெல்லாம் அவருடைய மனைவி இஞ்சித் தேத்தண்ணி தருவார், அவர் கதிரையை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு நான் கீறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இந்தச் சாதிதான் என்று சொன்னதிலிருந்து அவருக்கு இதில் ஒரு மதிப்பு. அந்தக் கோடையில், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நின்றபாடில்லை. அடுப்பு வாயைப் போலக் காற்று சுட்டது. மரத்தின் மேற்குப் பக்கத்தில் எல்லாம் வெளுத்து, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. அவர் எழும்பி வந்து அந்த மாவைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். “அங்கத்த வெயில அங்கயே விட்டுட்டு வந்தனெண்டு நினைச்சன், மிஸ். அது எனக்குப் பின்னாலயே வந்திட்டு.”

எந்த வருஷம்

பாக்கியத்தின் மரத்துக்கு வருகிறேன். சில கோடைகள் போயின. தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். வாவியைப் பார்த்த பக்கத்தில், அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, எல்லாம் போயிருந்தன. எழுத்துப் போன்ற அந்தக் கோடுகள் முதலில் வெளுத்து, பிறகு பட்டையோடு உரிந்துவிட்டன. மரத்துக்கு நோயோ என்று பார்த்தேன். இலை பச்சையாக இருந்தது, பிஞ்சும் பிடித்திருந்தது. புகையோ என்று பார்த்தேன். அந்த வளவில் அடுப்பே இல்லை. கரையோடு நடந்து மற்ற மரங்களைப் பார்த்தேன். பூவரசும் புளியும் எல்லாம் அதே கதை, அதே பக்கம், அதே உயரம். வாவி கீழே நின்று உப்பைத் தெளித்து, ஊறவைத்து, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மேலிருந்து நீண்ட வெயில். இரண்டுக்கும் நடுவில் அந்தச் சிவந்த வட்டம், ஓரம் பிய்ந்து, ஒரு சத நாணயக் குற்றியளவுக்குச் சுருங்கியிருந்தது.

அத்திவாரம் வெட்டக் கயிறு பிடித்திருந்தார்கள். பாக்கியத்திடம் நேரே சொன்னேன்: இங்கே கட்ட வேண்டாம், இந்தக் கிணறு நிலைக்காது. அவர் வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்த்தார். இனித்தது. “வேற காணி இல்ல டீச்சர். மேட்டுக்காணி ஒரு துண்டு தாருவாங்களெண்டா இத விட்டுட்டுப் போறன். நீங்க வந்து சங்கத்தில சொல்லுங்க” என்றார். கிராமச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். தாள்களை விரித்துக் காட்டினேன். வந்திருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிணறு இப்போது நல்லாயிருக்கிறதா என்றார். பாக்கியம் பொய் சொல்லத் தெரியாதவர், ஓம் என்றார். “கிணறு உப்பாகினா ஒரு விண்ணப்பம் போடுங்க, பாப்பம். மரத்தில பாசி போனதுக்குக் காணி குடுக்க இடமில்ல” என்றார் அதிகாரி. கிணறு உப்பான பிறகு கட்டிய வீட்டை என்ன செய்வது என்று நான் கேட்டதும் அவர் அடுத்த விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். பின்வரிசையில் இருந்த மேசன்தான் உதவிக்கு வந்தான். “சும்மா வரும் வரும் எண்டாம, எந்த வருஷமெண்டு சொல்லுங்க டீச்சர். அதுக்கு முதல் வருஷம் கட்டி முடிச்சிருவம்.”

பட்டப்பெயர்

கூட்டத்தால் நடந்தது ஒன்றே ஒன்று. அதுவரை என் ஆணிகளை யாரும் கவனித்ததில்லை. அதன்பிறகு எல்லோரும் கவனித்தார்கள். கரையோரத்தில் முதலில் ஒரு கிணறு உவர்த்தது, பிறகு இன்னொன்று. இரண்டு வளவிலும் என் ஆணி அடித்த மரம் நின்றது. மரம் சாகிறது என்று சொன்னவள் ஆணி அடித்தவள்தானே; ஆணி அடித்த வளவில்தானே உப்பு வருகிறது. சனம் கணக்கைக் கூட்டிப் பார்த்தது. கூட்டல் சரி, விடைதான் பிழை. உப்பு வரக்கூடிய இடம் பார்த்துத்தான் நான் ஆணி அடித்தேன் என்று வீடுவீடாகச் சொல்லித் திரிய என்னால் முடியுமா? ஒரு பெண் என்னைக் கண்டதும் தன் வளவுத் தென்னையை மறைத்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் தன் பலாமரத்துக்கு ரோட்டோர மரங்களுக்கு அடிப்பதுபோல் சுண்ணாம்பு அடித்து, ஆணி வைக்க இடமில்லாமல் செய்திருந்தார்.

திரும்பும் வழியில் ‘பாதை’ என்னும் மிதவைக்காகத் துறையில் காத்திருந்தோம். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அந்த மிதவை மெல்ல அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாவி வெள்ளித் தட்டுப்போலக் கிடந்தது, ஒரு குற்றமும் அறியாததுபோல. யோகன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் சொன்னான். “கோவிக்காதீங்க டீச்சர். ‘உப்பு டீச்சர் வாறா, மரத்த மூடுங்க’ எண்டுதான் இஞ்ச பொடியனுகள் கதைக்கிறானுகள். எனக்கும் ஒரு பேர் வெச்சிரிக்கானுகள், அத நான் சொல்லமாட்டன்.”

குறடு

பாக்கியம் என்னைத் தேடி நகரத்துக்கு வந்தார். கையில் வாழையிலையில் கட்டிய இடியப்பம். வீடு கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. அத்திவாரத்தை என் சொல்லுக்காக இன்னும் இரண்டு கல்வரி உயர்த்திக் கட்டியிருந்தார். வெள்ளத்துக்கு அது உதவும், உப்புக்கு என்ன செய்யும்? தர்ஷிக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியிருந்தது. நல்ல பையன், மோட்டார் திருத்துகிறவன். மாப்பிள்ளை வீட்டார் வளவு பார்க்க வரப்போகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் ஆள்விட்டுக் கேட்டிருந்தார்: அது ஆணி அடித்த வளவா?

கதிரையின் நுனியில் இருந்துகொண்டு பாக்கியம் சுற்றி வளைக்காமல் கேட்டார், ஆணியைக் கழற்ற முடியுமா என்று. மண்டூர்ப் பக்கத்துத் தாள்கள் எல்லாவற்றுக்கும் அந்த மரம்தான் ஆதாரம். அதில் மட்டும்தான் வெயிலும் உப்பும் ஒன்றாக வருவது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஆணி இல்லாமல் அந்தச் சதுரத்தை மறுபடி மயிரிழை பிசகாமல் கண்டுபிடிக்க முடியாது. அதையெல்லாம் அவரிடம் சொல்லி என்ன? “ஆணியக் கழட்டினா உப்பு நிக்காது, பாக்கியம்” என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அது தெரியாதா என்ன. ஊர்ச் சனம் நம்பியதை அவர் ஒருநாளும் நம்பவில்லை.

அடுத்த நாள் குறட்டோடு போனேன். மெல்லிய ஆணிகள், பால்பல்போலச் சுலபமாக வந்தன. சிவந்த வட்டம் இன்னும் இருந்தது, மிளகளவு. தர்ஷி அதைத் தொடாமல் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். வெற்றுப் பவுடர் டப்பா ஒன்றைப் பாக்கியம் நீட்டினார், ஆணிகளைத் தான் வைத்திருப்பதாக. பிறகு மரத்தில் தெரிந்த நாலு துளைகளையும் தொட்டுப் பார்த்தார். “உப்பு நிக்கத் தேவையில்ல டீச்சர். அவங்க வந்து பாத்துட்டுப் போகுமட்டும் சுணங்கினாக் காணும்.”

கல்யாணத் தேத்தண்ணி

உப்பு சுணங்கியது. புது வீட்டிலேயே கல்யாணம். பந்தற்கால், தோரணம், ஒலிபெருக்கி, எல்லாம். கிணற்றடி மாமரத்துக்கு அடியிலிருந்து கிளை பிரியும் கவர்மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். விசேஷ வீட்டில் மரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழமைதானே, யாரும் ஏனென்று கேட்கவில்லை. மணவறையைவிட நான் அந்த மரத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். வெள்ளைச் சேலை கட்டியதுபோல் நின்றது. நல்லநாளில் நினைக்கக்கூடாததை நினைக்காமலிருக்க நான் பந்திக்குப் போனேன்.

மாப்பிள்ளையின் தாய் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது, பாக்கியம் என்னைத் தர்ஷிக்குப் படிப்பித்தவர் என்று சொல்லி வைத்திருந்தார். தேத்தண்ணி வந்தது. அந்த அம்மா ஒரு மிடறு குடித்து, கோப்பையைப் பார்த்து, மறுபடி குடித்தார். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணத்தோடு பெண் வீட்டுக்குப் போய்விடுவான். பெற்றவளுக்கு அன்று ஒரு கலக்கம் இருக்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “மனசு கிடந்து அடிக்குதுதான். எண்டாலும் இந்தத் தண்ணிக்காகவே பெடியன இஞ்ச விடலாம், என்ன டீச்சர்?”

மறுகா

அடுத்த மாரி பொங்கி வந்தது. வயல் வட்டைகள் எல்லாம் வாவியாயின. வெள்ளம் வடிய, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டினார்கள், வேறு வழியில்லை. தண்ணீர் கடலுக்கு ஓடியது. பிறகு கடல் அதே வழியால் உள்ளே வந்தது. வழக்கமாக மண்டூர்ப் பக்கம்வரை அது வருவதில்லை. வந்தாலும் அடுத்த மழை கழுவிவிடும். அடுத்த மழை வரவில்லை. கச்சான்தான் வந்தது, நின்று நிதானமாக. வாவி வற்ற வற்ற உப்புத் தடித்தது. பாக்கியத்துக்கு முதலில் தெரிந்தது இடியப்பத்தில். மா குழைத்தால் சரிவரவில்லை, அவித்தால் ஒரு கசப்பு. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பிறகு சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிறகு யாரும் அந்தக் கிணற்றில் வாளி போடவில்லை.

நான் போனபோது தர்ஷி நிறைமாதம். தண்ணீர்ப் பவுசர் வரும் சந்திக்கு வாளிகளோடு பாக்கியம்தான் நடந்தார். தர்ஷியின் புருசன் கட்டாருக்குப் போகக் கடவுச்சீட்டுக் கொடுத்திருந்தான். அவனுடைய தாய் வந்தால் தன் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவருவாராம். விண்ணப்பம் போட்டாயிற்று. கிணறு உப்பாகிய பலரின் விண்ணப்பங்களோடு அது எங்கேயோ கிடந்தது. வீட்டை விற்கவும் முடியாது. அந்தக் கரையில் இனி யார் வாங்குவார்? வாவியின் வெளிச்சம் புது வீட்டுச் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகை அந்த இடத்தில் பார்க்க எனக்குக் கோபமாக வந்தது.

மாமரத்தின் இலைகள் நுனியில் கருகியிருந்தன. சுண்ணாம்பு செதில் செதிலாகக் கழன்று, பட்டை தெரிந்தது. நாலு துளைகளும் தெரிந்தன. அவற்றுக்கிடையில் எழுத்தில்லை, சிவப்பில்லை, ஒன்றுமேயில்லை. ஒன்றுமில்லாததையும் கீறிவைப்பது எங்கள் தொழிலில் விதி. வெற்றுத்தாளும் ஒரு சாட்சிதான். தாளை எடுத்தேன். பிடித்துக்கொள்ள ஆணியில்லாமல் அது நழுவிக்கொண்டேயிருந்தது. பாக்கியம் வாளியை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய் அந்தப் பவுடர் டப்பாவோடு வந்தார். மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார். நாலும் கறுக்காமல் அப்படியே இருந்தன. “கழட்டியும் நிக்கல்ல டீச்சர். இந்தாங்க, இருந்த ஓட்டையிலயே மறுகா அடிங்க. இனி ஆருக்கு ஒளிக்கிற?”

முன்பு ஆணியைக் கழற்றச் சொன்னவர்கள் இப்போது ஆணியைத் தாங்களே எடுத்துத் தருகிறார்கள்; எங்கள் தொழிலில் முன்னேற்றம் என்று சொல்வது இதைத்தான்.